சத்தம் மட்டும் மிச்சம்

விசிலுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார வைத்தால் நாற்காலி ஆடும். பெஞ்சில் உட்கார வைத்தால் பெஞ்சில் இருக்கிற நான்கு பேரும் ஆடுவார்கள். எட்டாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிறவளின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் ஆசிரியைகள் கோபித்துக்கொள்வதில்லை. "விசில் பக்கத்துல உக்காந்தியா? சரி, போ" என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பெயர் ஓட்டப் பந்தயத்தால் வந்ததல்ல, மூச்சால் வந்தது. தூசியோ குளிர்காற்றோ சேர்ந்துவிட்டால் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து சின்ன விசில் ஊதுவது போல ஒரு சத்தம் வரும். பெயரை வைத்தவள் அவளுடைய உயிர்த் தோழி ஒட்டடைக்குச்சி. ஒட்டடைக்குச்சிக்கு அந்தப் பெயரை வைத்தவள் விசில். ஆக, ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று.

மூச்சு இப்படி இருந்தும் அவள் ஓடினாள். ஓடினாள் என்றால் சும்மா இல்லை, தொடர் ஓட்டத்தில் கடைசிக் கட்டை அவள் கையில்தான் வரும். "இந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டு விசில் இருக்கு. ஒண்ணு என் கழுத்துல தொங்குது. இன்னொண்ணு என் தலைமேல ஏறி உக்காந்திருக்கு" என்பார் விளையாட்டு சார். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

சிக்கல் மருந்தில் இருந்தது. அந்தப் பள்ளியில் மாணவர்களின் மருந்து எதுவானாலும் தரைத்தளத்தில், நர்ஸம்மா அறையில், சாம்பல் நிற இரும்பு அலமாரிக்குள் இருக்கவேண்டும். பெயர் எழுதிய பிளாஸ்டிக் டப்பா, எடுத்தால் ஒரு கையெழுத்து, வைத்தால் ஒரு கையெழுத்து. எட்டாம் வகுப்போ மூன்றாம் மாடியில். மூச்சு முட்டுகிறவளை மூன்று மாடி இறங்கி வந்து மருந்து எடுத்துக்கொள் என்பது, தாகம் எடுத்தவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் கிணறு வெட்டிக் குடி என்பது போல.

போன மழைக்காலத்தில் ஒருநாள் இறங்கியும் போனாள். அறை பூட்டியிருந்தது. சின்ன வகுப்புப் பொடியன் ஒருவன் மூக்கில் ரப்பர் துண்டைத் திணித்துக்கொண்டான் என்று நர்ஸம்மா அந்தப் பக்கம் ஓடியிருந்தார். பூட்டிய கதவுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு விசில் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்ததால் அந்தக் கணக்கு தெரியும். வாழ்க்கையிலேயே அவள் அசையாமல் உட்கார்ந்த பன்னிரண்டு நிமிடம் அதுதான். அசைவதற்கு மூச்சு மிச்சமில்லை.

அதன் பிறகு அம்மா கிளம்பினாள்.

அம்மாவுக்குக் கேஸ் சிலிண்டர் நிரப்பும் ஆலையில் வேலை. நிரம்பி வரும் ஒவ்வொரு சிலிண்டரையும் எடைமேடையில் ஏற்றி, வெற்றுச் சிலிண்டரின் எடையைக் கழித்து, உள்ளே இருக்கவேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பவள். பதினான்கு வருடத்தில் கையே தராசாகிவிட்டது. சர்க்கரை டப்பாவைத் தூக்கி, "நாலு நாளைக்கு வரும்" என்பாள். மகளின் பையைத் தூக்கி, "கணக்குப் புஸ்தகம் எங்கடி?" என்பாள். ஒருநாள் அப்பாவின் சாப்பாட்டு டப்பாவை வாங்கிய கையோடு, "பாதியை யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டு அவரை விக்க வைத்தாள்.

தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்று அம்மா சொன்னாள்: "டீச்சரம்மா, எங்க ஆலையில தீயணைக்கிற சிலிண்டர மூணு மாடி தள்ளி வெச்சா எங்களையே வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். பிறகு, யாரும் கேட்காததால் தூசி படிந்து கிடந்த ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். 'மாணவர் தம் மருந்தைத் தாமே வைத்துக்கொண்டு தாமே எடுத்துக்கொள்வதற்கான அனுமதி.' டாக்டர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, கடைசியில் நர்ஸ் கையெழுத்து. டாக்டரும் அம்மாவும் போட்டுவிட்டார்கள். நர்ஸம்மா கையெழுத்துக்கு மட்டும் பரீட்சை உண்டு. மருந்தை எடுத்துக்கொள்ளும் முறையை மாணவி அவர் எதிரில் பிசகாமல் செய்து காட்டவேண்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மாவட்டப் பள்ளிகளுக்கான ஓட்டப் போட்டி வேறொரு பள்ளி மைதானத்தில் நடக்க இருந்தது. மருந்து தேவைப்படுகிற பிள்ளை வெளியே போகவேண்டுமானால், ஒன்று பெற்றோர் கூட வரவேண்டும், அல்லது அந்த அனுமதி கையில் இருக்கவேண்டும். அம்மாவுக்கு அந்த வாரம் லீவு கிடையாது. ஆக, அனுமதி இல்லையென்றால் ஓட்டம் இல்லை.

முதல் பரீட்சையில் விசில் தோற்றாள். இன்ஹேலரைக் குலுக்கினாள், மூச்சை வெளியே விட்டாள், வாயில் வைத்து அழுத்தினாள். எல்லாம் சரி. ஆனால் மூச்சு உள்ளே போவதற்கு முன்பே விரல் அழுத்திவிட்டது. அவளுக்குத்தான் எதிலும் பொறுமை கிடையாதே!

"மூச்சும் அழுத்தும் சேரல. பாதி மருந்து நாக்குலயே நிக்குது" என்றார் நர்ஸம்மா. "வீட்ல நல்லா பழகிட்டு வா. பத்து நாள் கழிச்சுப் பாக்கறேன்."

விசில் பழகினாள். அப்படியொரு பழக்கம்! அம்மா காலை ஷிப்டுக்குப் போன பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை, சாயங்காலம் அம்மா வருவதற்குள் பத்துத் தடவை. டாக்டர் புதிதாக எழுதிக்கொடுத்து வாங்கிய இன்ஹேலர் அது. மருந்தைத் தேவையில்லாமல் உள்ளே இழுக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் வாய்க்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்து, கண்ணாடியைப் பார்த்து அழுத்தினாள். புஸ். கண்ணாடியில் ஒரு வெள்ளை வட்டம். மூச்சை இழுக்க ஆரம்பிக்கிற அதே நொடியில் புஸ். மறுபடியும் புஸ். ஐந்தாம் நாள் கை பழகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. பத்தாம் நாள் பரீட்சையில் அவள் செய்து காட்டியதைப் பார்த்து, "டாக்டருக்கே பாடம் எடுப்ப போலிருக்கே!" என்று நர்ஸம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று மாலை விசில் ஜிப் வைத்த சின்னத் துணிப்பை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். ராணுவத் தளபதி துப்பாக்கி கட்டியது போல நடை.

"எங்க, குடு பாக்கலாம்" என்று அம்மா கை நீட்டினாள்.

"ஊகும். இனிமே இது என் பொறுப்பு. எழுதியே குடுத்திருக்காங்க. யாரும் தொடக்கூடாது."

"பெத்தவ கூடவா?"

"பெத்தவ முதல்ல."

அம்மா சிரித்துக்கொண்டே கையை மடக்கிக்கொண்டாள். அந்தக் கை மட்டும் அன்றைக்கு அந்தப் பையைத் தூக்கிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போட்டி நாள் வெயில் சுள்ளென்று இருந்தது. மைதானத்தில் எட்டுப் பள்ளிகளின் கூடாரங்கள், காகிதக் கோப்பைகள், கொடிகள், ஒலிபெருக்கியில் விடாத அறிவிப்பு. விசிலின் அணியில் ஓடுகிறவர்கள் நான்கு பேர். ஐந்தாவதாக, யாருக்காவது கால் சுளுக்கினால் உதவ, ஒட்டடைக்குச்சியை அழைத்து வந்திருந்தார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. அவளும் கை தூக்கவில்லைதான். முதுகு சொறியத் தூக்கிய கையை விளையாட்டு சார் பார்த்துவிட்டார்.

"உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு காலையிலேருந்து வேண்டிக்கிட்டு இருக்கேன்டி" என்றாள் ஒட்டடைக்குச்சி.

"என் மேல அவ்வளவு பாசமா?"

"உன் மேல பாசமா? உனக்கு ஏதாவது ஆனா நான்ல ஓடணும்!"

தொடர் ஓட்டம் மூன்றரை மணிக்கு. ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு அழுத்து எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது டாக்டர் சொன்னது. விசிலுக்குக் காத்திருக்க முடியுமா? இரண்டே முக்காலுக்கே தண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால், கூட்டமில்லாத மூலைக்குப் போனாள். குலுக்கினாள். மூச்சை விட்டாள். வாயில் வைத்து இழுத்தாள். புஸ்.

ஏதோ ஒன்று சரியில்லை.

சத்தம் வந்தது, குளிர்ச்சி வந்தது. ஆனால் வழக்கமாக நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அந்த லேசான கசப்பு வரவில்லை. இன்னொரு முறை. புஸ். வெறும் காற்று. பலூனைக் கடித்தது போல.

"ஏய், நீயும் நம்மாளா?"

திரும்பினாள். நீலச் சாக்ஸ் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள், வேறு பள்ளி. வலது கால் சாக்ஸைக் கீழே இறக்கி, உள்ளேயிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்தாள்.

"சாக்ஸுக்குள்ளயா வெச்சிருக்க?" விசிலுக்கு வியப்பு.

"நீ பையில வெச்சிருக்க. எனக்குக் கால்ல இருந்தாத்தான் நிம்மதி. நீதானே அந்தப் பள்ளிக்கூடத்துல கடைசியா ஓடறவ? நான்தான் எங்களுக்குக் கடைசி. இன்னைக்கு நீ என் முதுகத்தான் பாக்கப் போற."

வேறு நாளாக இருந்தால் இதற்கு விசில் நாலு பதில் சொல்லியிருப்பாள். இப்போது அவள் கண் நீலச் சாக்ஸின் கையிலேயே இருந்தது. அந்த இன்ஹேலரின் முதுகில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் எண்: 64.

"அது என்ன நம்பர்?"

"மிச்சம் எத்தனைன்னு காட்டும். உன்னோடதுல இல்லையா?"

விசிலின் இன்ஹேலரில் எண் இல்லை. அது அந்த வகை இல்லை. "குடேன் ஒரு நிமிஷம். எடுத்துக்க மாட்டேன். சும்மா தூக்கிப் பாக்கறேன்."

நீலச் சாக்ஸ் சந்தேகத்தோடு கொடுத்தாள். விசில் அதை ஒரு கையிலும் தன்னுடையதை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டாள். அம்மா செய்வது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையில் ஒரு முட்டை. இன்னொரு கையில் அதன் ஓடு.

'சத்தத்தை நம்பாதடி' என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! 'காலி சிலிண்டரும் திறந்தா ஸ்ஸுங்கும். எடைதான் பேசும்.'

மண்டைக்குள் கணக்கு தானாக ஓடியது. பெட்டியின் மேல் இருநூறு முறை என்று போட்டிருந்தது. காலையில் பத்து, மாலையில் பத்து, ஒன்பது நாள். நூற்றெண்பது. வகுப்பில் "காட்டு, காட்டு" என்று கேட்டவர்களுக்குக் காட்டியது பத்துப் பதினைந்து. பரீட்சையில் இரண்டு. பாஸானதைக் கொண்டாட ஜன்னலுக்கு வெளியே நாலு. மருந்தை வைத்துக்கொள்ளும் உரிமைக்காக மருந்து முழுவதையும் கண்ணாடிக்கு ஊட்டிவிட்டாள். அந்த வீட்டில் மூச்சுத் திணறாமல் இருப்பது குளியலறைக் கண்ணாடி ஒன்றுதான்.

"காலி" என்றாள் விசில்.

நீலச் சாக்ஸ் தன்னுடையதைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டாள். "இத பாரு, நான் குடுக்க முடியாது. குடுத்தா என் அனுமதி போயிடும். எங்க ஸ்கூல்லயும் எழுதி வாங்கியிருக்காங்க, ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் தொடக்கூடாதுன்னு."

"நான் கேக்கலையே."

"கேக்கற மாதிரி பாத்தியே."

"பாத்தேன். கேக்கல."

நீலச் சாக்ஸ் போகத் திரும்பியவள் நின்றாள். "ஏய், சும்மா ஓடிடாத. போன வருஷம் நான் ஓடினேன். வெள்ளைக் கோட்டத் தாண்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆம்புலன்ஸ் கூரைதான் ஞாபகம் இருக்கு."

அவள் போய்விட்டாள். விசில் நடக்க ஆரம்பித்தாள். குழாயிலிருந்து வேலி வரை, வேலியிலிருந்து குழாய் வரை. சொன்னால் ஓட்டம் போச்சு. ஓட்டம் போனால் போகட்டும், அனுமதியும் போச்சு. மறுபடியும் அந்த அலமாரி, அந்த மூன்று மாடி, அந்தப் பூட்டு. சொல்லாவிட்டால்? நெஞ்சு இப்போது நன்றாகத்தானே இருக்கிறது? நானூறு மீட்டர். ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஒன்றரை நிமிடம் தாங்காதா? பன்னிரண்டு நிமிடம் தாங்கினவளுக்கு ஒன்றரை நிமிடம் எம்மாத்திரம்?

அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஞாபகம் வந்ததுமே கால் நின்றுவிட்டது. அன்றைக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறைந்த மருந்து இருந்தது. இன்றைக்குக் கதவும் இல்லை, மருந்தும் இல்லை.

மறுபடி நடந்தாள். ஒலிபெருக்கி நீளத் தாண்டுதலுக்கு ஆட்களைக் கூப்பிட்டது. வேலியோரம் யாரோ காலிக் கோப்பையை உதைத்துக்கொண்டே போனார்கள். எட்டாவது சுற்றில் ஒட்டடைக்குச்சி எதிரில் வந்து நின்றாள்.

"என்னடி, கூண்டுல போட்ட நரி மாதிரி நடக்கற? ஓட்டம் அந்தப் பக்கம்."

விசில் அவள் கையைப் பிடித்தாள். "உன் வேண்டுதல் பலிக்கல."

ஒட்டடைக்குச்சிக்குப் புரிய அரை நொடி ஆனது. புரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. "ஐயோ! நான் செத்தேன்" என்றாள். அடுத்த நொடி, "இரு, உனக்கு என்ன ஆச்சு? மூச்சு முட்டுதா?" என்றாள். கேள்விகளின் வரிசை தப்பிவிட்டது என்று அவளே உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விளையாட்டு சாரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த பட்டியல் அட்டை கீழே விழுந்தது.

"காலியா? காலின்னா எப்படி? நேத்துதானே கையெழுத்து வாங்கினே?"

"பழகினேன் சார்."

"என்னத்தப் பழகினே?"

"பரீட்சைக்கு."

"பரீட்சைக்குப் படிச்சா புஸ்தகம் காலியாயிடுமா? என்ன பேச்சு இது!" சாருக்குத் தலை சுற்றியது. போனை எடுத்தார். அம்மாவுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டாங்க சார். ஆலைக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க. தீப்பொறி வரும்னு வாசல்லயே பூட்டி வெச்சிருவாங்க."

"நல்ல குடும்பம்! பிள்ளைகிட்ட மருந்து இல்ல, அம்மாகிட்ட போன் இல்ல!" என்று சொல்லிக்கொண்டே நர்ஸம்மாவுக்கு அடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸம்மா, "ஓட விடாதீங்க. முதலுதவி மேஜையில சொல்லி வையுங்க, இப்பவே. பிள்ளைக்கு ஒண்ணும் இல்லாட்டியும் சொல்லி வையுங்க" என்றது போனுக்கு வெளியே வரை கேட்டது.

முதலுதவி மேஜையில் இருந்த அம்மாள் பெயர், பள்ளி, என்ன மருந்து, எத்தனை அழுத்து என்று எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். அம்மாவின் ஆலை வாசலுக்குப் போன் போட்டுக் காவலாளியிடம் சேதி சொல்லி வைத்தார். நெகிழிப் பெட்டியைத் திறந்து அவசர இன்ஹேலரும் அதோடு மாட்டுகிற குழாயும் இருப்பதை விசிலுக்குக் காட்டினார். "இது அவசரத்துக்குத்தான் கண்ணு. ஓடறதுக்காக முன்கூட்டி குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. நீ இங்க பக்கத்துலயே இரு."

விசில் பக்கத்தில் இருந்தாள். உட்காரவில்லை.

மூன்றரைக்குத் தொடர் ஓட்டம் கிளம்பியது. முதல் மூன்று பேரும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். கடைசிக் கட்டை ஒட்டடைக்குச்சியின் கைக்கு வந்தபோது அவர்கள் பள்ளி இரண்டாவது இடம். எடுத்த எடுப்பிலேயே அவள் முழங்கால்களும் முழங்கைகளும் ஆளுக்கொரு திசையில் போயின. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த நீலச் சாக்ஸ் அவளைத் தாண்டினாள். பின்னாலிருந்து இன்னொருத்தி தாண்டினாள்.

"கைய வீசுடி! குச்சி! முன்னாடி பாரு! மானத்த வாங்காத, ஓடு!" வேலியைப் பிடித்துக்கொண்டு விசில் கத்தினாள். ஒட்டடைக்குச்சி திரும்பும்போது இவளும் வேலிக்கு இந்தப் பக்கம் கூடவே ஓடினாள். எட்டுப் பேரின் கால்கள் கிளப்பிய செம்புழுதி அப்படியே வேலி தாண்டி வந்தது. "குச்சீ! இன்னும் ஐம்பது அடிதான்! ஓ…"

அந்த 'ஓ' பாதியிலேயே நின்றது.

நெஞ்சைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்கினார்கள். உள்ளே அந்தப் பழைய விசில். இழுத்தால் வரவில்லை, விட்டால் போகவில்லை. கை தானாக இடுப்புப் பைக்குப் போனது, ஜிப்பைத் திறந்தது. புஸ் என்று சத்தம் மட்டும் போடும் அந்த வெற்று ஓட்டைத் தொட்டதும் நின்றது. தொட்டதை விட்டுவிட்டு மேஜையைப் பார்த்தாள். பதினைந்தடி தூரம். ஓட்டத்தில் ஒரு கணமும் நடக்காதவள், அந்தப் பதினைந்தடியை நடந்தாள். மெதுவாக, வேலியைப் பிடித்துப் பிடித்து.

அந்த அம்மாள் எதையும் கேட்கவில்லை. கேட்கவேண்டியது எல்லாம் காகிதத்தில் இருந்தது. நிமிர்த்தி உட்கார வைத்தார், குழாயை மாட்டினார். "ஒண்ணு. மெதுவா இழு. இரு. ரெண்டு."

நாக்கின் அடியில் கசப்பு ஒட்டியது. விசிலின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்திலேயே இவ்வளவு இனிப்பான கசப்பை அவள் தின்றதில்லை.

கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தபோது எதிரில் ஒட்டடைக்குச்சி நின்றிருந்தாள், உப்பில் போட்ட மாங்காய் மாதிரி.

"எத்தனாவது?" என்றாள் விசில்.

"ஏழாவது."

"எட்டுப் பேர்ல?"

"எட்டாவது ஸ்கூல் கட்டையக் கீழ போட்டுடுச்சு. இல்லன்னா எட்டாவதுதான்." ஒட்டடைக்குச்சி புல்லில் மல்லாந்தாள். "அவ்வளவு தூரம் நான் ஓடினேன், மூச்சு முட்டினது உனக்கு. இது என்ன நியாயம்டி?"

அம்மா நாலரைக்கு வந்து சேர்ந்தாள். ஆலையின் தடித்த காலணியோடு, தலையில் மஞ்சள் தொப்பியைக் கழற்ற மறந்து. மகளை நெஞ்சோடு சேர்த்து மூச்சைக் கேட்டாள். பிறகு இடுப்புப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கையில் வைத்தாள். ஒரு நொடிதான்.

"வெத்துடி" என்றாள். அதைப் பைக்குள் திரும்ப வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் மாலை, அம்மாவின் ஷிப்ட் முடிந்ததும், நர்ஸம்மா அறையில் மூன்று பேர். மேஜைமேல் அந்தப் படிவம். விசிலின் முழங்கால் ஆட, மேஜை ஆட, நர்ஸம்மாவின் தேநீர்க் கோப்பை தட்டில் கிணுகிணுத்தது.

"ரத்து பண்ணணும்னுதான் விதி" என்றார் நர்ஸம்மா. "மருந்து தீர்ந்தத கவனிக்கலன்னா ரத்து."

"பண்ணுங்க" என்றாள் அம்மா. விசில் திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மா விடவில்லை. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர். 'பழகிட்டு வா'ன்னீங்க. எதுல பழகறதுன்னு சொன்னீங்களா? எங்க ஆலையில புதுசா வர்றவங்களுக்கு வெத்து சிலிண்டர்லதான் வேலை பழக்குவோம். நிறைஞ்சதக் குடுத்தா ஊரே போயிடும்."

நர்ஸம்மா கோப்பையைப் பிடித்து நிறுத்தினார். "சொல்லல" என்றார். "பரீட்சை அன்னைக்குக் கையில வாங்கி எத்தனை மிச்சம்னும் கேக்கல. அழுத்தறத மட்டும்தான் பாத்தேன்." பிறகு விசில் பக்கம் திரும்பினார். "காலின்னு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?"

"ரெண்டே முக்கால்."

"சார்கிட்ட எப்ப சொன்னே?"

"மூணு."

"நடுவுல பதினஞ்சு நிமிஷம் என்ன பண்ணே?"

"நடந்தேன்."

"எங்க?"

"குழாய்க்கும் வேலிக்கும்."

நர்ஸம்மா சிரிப்பை அடக்கினார், அடக்க முடியவில்லை. "பதினஞ்சு நிமிஷம் அதிகம். ஆனா சொல்லிட்டே. சொல்லாம இருந்திருந்தா அந்தம்மா உனக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்." படிவத்தை எடுத்தார். ரத்து என்று எழுதவில்லை. ஒரு வாரம் நிறுத்திவைப்பு என்று எழுதினார். அடியில் கோடு போட்டுப் புதிதாக இரண்டு வரி சேர்த்தார்: எடுக்கும் ஒவ்வொரு அழுத்தையும் அட்டையில் குறிக்கவேண்டும், இருபது மிச்சம் இருக்கும்போதே புதிது வாங்கவேண்டும். "இந்த ரெண்டு வரி இனிமே எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்றார். கடைசியில் காலி இன்ஹேலரின் மேல் தடித்த பேனாவால் 'பழக' என்று எழுதி அலமாரிக்குள் வைத்தார். அடுத்து வருகிற பிள்ளைக்கு அது ஆகும்.

அந்த ஒரு வாரம் விசிலுக்கு ஒரு யுகம். நாள்தோறும் நர்ஸம்மா அறைக்கு வந்து தன் டப்பா அலமாரியில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எட்டாம் நாள் புது இன்ஹேலர் இடுப்புப் பைக்குள் ஏறியது. பக்கத்தில் ஒரு அட்டை, அட்டையில் கட்டங்கள், ஒரு குட்டிப் பென்சில்.

அன்று மாலை அம்மா ஷிப்ட் முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போது விசில் பையை அவிழ்த்து நீட்டினாள்.

"என்ன?"

"தூக்கிப் பாரு."

"உன் பொறுப்பு, யாரும் தொடக்கூடாதுன்னே?"

"என் பொறுப்புதான். அதான் தராசுகிட்டக் கொண்டாந்திருக்கேன்."

அம்மா கையில் வாங்கினாள். கண்ணை மூடினாள். வழக்கத்தைவிட இரண்டு நொடி அதிகம் எடுத்துக்கொண்டாள். விசில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள்.

"மருந்து சரியா இருக்கு" என்றாள் அம்மா. "ஆனா அடியில ரெண்டு மிட்டாய் இருக்கு. அத எடுத்து வெளிய வெய்."